அன்பேவால்: பூட்டிய ஆய்விதழ்களின் ஓரத்தில் ஒரு பச்சைப் பூட்டு

பாளையங்கோட்டையில் சுயநிதிக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் நடத்துகிறேன். களக்காடு முண்டந்துறைக் காட்டைப் பற்றிய கட்டுரை வெளிநாட்டு இதழில் வந்தால், அதைப் படிக்க 30 முதல் 40 டாலர் வரை கேட்கிறார்கள். மலையோ நம் ஊர் மலை. ஒன்றிய அரசு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களைத் திறந்துவிட்டது என்றாலும், முதல் கட்டத்தில் அது அரசு நிறுவனங்களுக்கே உரியது என்பதால், எங்களைப் போன்றோர் வெளியே நிற்கிறோம்.

இந்நிலையில் கைகொடுப்பது 2017இல் வெளிவந்த அன்பேவால் (Unpaywall) என்னும் இலவச உலாவி நீட்சி, அதாவது குரோம் போன்ற இணைய உலாவியில் சேர்த்துக்கொள்ளும் சிறு துணைநிரல். கட்டுரைப் பக்கத்தைத் திறந்தவுடன், அதன் டிஓஐ எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் தனித்து வழங்கப்படும் நிலையான இணைய அடையாள எண்) கொண்டு, சட்டப்படி வெளியிடப்பட்ட இலவசப் பிரதி எங்கேனும் இருக்கிறதா என்று தேடி, இருந்தால் வலப்பக்க ஓரத்தில் பச்சைப் பூட்டையும் இல்லையேல் சாம்பல் பூட்டையும் காட்டுகிறது. திருட்டுப் பிரதிகளின் பக்கம் அது போவதே இல்லை என்பதால் மாணவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

கிடைப்பது பல வேளைகளில் அச்சான வடிவமன்று. கட்டுரையாசிரியர் தம் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் இட்டுவைத்த, இதழ் ஏற்றுக்கொண்ட, ஆனால் அச்சுக்கு வடிவமைக்கப்படாத கையெழுத்துப்படி. வரி எண்களோடு, படங்களெல்லாம் கடைசியில் குவிந்து கிடக்க, இதழின் பக்க எண்ணே இல்லாமல் வரும்; படிக்கப் போதும், பக்கம் சுட்டி மேற்கோள் காட்டத்தான் இடறும். டிஓஐ இல்லாத பழைய இதழ்களுக்கு இக்கருவி வாய் திறப்பதில்லை. ஆகவே அத்தகைய இதழ்களைப் பெரிதும் நாடும் தமிழ்த்துறை நண்பர்களுக்கு இதனால் பெரிய பயனில்லை. கைப்பேசிக் குரோமில் நீட்சிகளை நிறுவ முடியாது என்பது அதைவிடப் பெரிய குறை, ஏனெனில் எங்கள் மாணவரில் பலருக்கு மடிக்கணினி கிடையாது.

பச்சைப் பூட்டைக் கண்டதும் எல்லாம் இலவசம் என்று மகிழ்ந்துவிடவும் முடியாது. வாசகரிடம் வாங்காத பணத்தைப் பல இதழ்கள் கட்டுரையாசிரியரிடம் வாங்குகின்றன. 'நேச்சர்' இதழ் திறந்த அணுக்கத்திற்கு, அதாவது கட்டுரையை எவரும் இலவசமாகப் படிக்கத் திறந்துவைப்பதற்கு, 2021இல் வைத்த கட்டணம் 9,500 யூரோ. அத்தொகையை எங்கள் கல்லூரியில் எவராலும் கட்ட முடியாது. ஆனால் ஏற்கப்பட்ட கையெழுத்துப்படியைக் களஞ்சியத்தில் இடுவதற்குக் காசு வேண்டியதில்லை. பல பதிப்பகங்கள் குறிப்பிட்ட மாதங்கள் கழிந்தபின் அதை அனுமதிக்கவும் செய்கின்றன. நம்மவர்கள் அதைச் செய்யாதவரை, நம் காட்டைப் பற்றி நாமே எழுதிய கட்டுரைகளுக்கும் இந்த நீட்சி சாம்பல் பூட்டைத்தான் காட்டும்.