மினி டிராக்டருக்கு லெவலர் பிளேடு வாங்குகிறீர்களா? பெங்களூரு நண்பர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

ஆனேக்கல் பக்கம் செம்மண் மேடு நிரவ, 24 ஹெச்பி டிராக்டருக்கு ஓசூர் ரோட்டில் ஒரு கடையில் ஆறடி பிளேடு வாங்கினோம். "மினி வண்டிக்குன்னே செஞ்சது சார்" என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்றார். அது பெரிய வண்டியின் பிளேடு.

பிளேடை வண்டியின் பின்பக்கக் கைகளில் (லிங்க்) மாட்டும் இரும்பு முளையை, அதாவது பின்னை (pin), அளந்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். இந்தப் பின் அளவு வகையைத்தான் கேட்டகிரி என்பார்கள். மினி வண்டிகளில் பெரும்பாலும் கேட்டகிரி 1: கீழ் லிங்க் பின் 22 மி.மீ., டாப் லிங்க் பின் 19 மி.மீ. பெரிய வண்டிகளின் கேட்டகிரி 2-ல் இவை 28, 25. இதில் 28 பின்னை அறுத்தெடுத்து, 22 பின்னை வெல்டு வைத்து, மேலே சிவப்பு பெயின்ட் அடித்திருந்தார்கள். இரண்டாம் நாளே வெல்டு விட்டு, பிளேடு ஒரு பக்கமாகத் தொங்கியது. பெயின்ட்டைச் சுரண்டினால் பழைய பின் இருந்த வட்டம் அப்படியே தெரிகிறது. வண்டி ஓடும்போது கழன்றிருந்தால் ஆள் போயிருக்கும்.

பின் சரியாக இருந்தாலும் ஆறடி அதிகம்தான். பின்பக்க டயர்களின் வெளி விளிம்பைத் தாண்டி இரண்டு, மூன்று அங்குலம் போதும். இந்த வண்டிகளுக்கு நாலு, நாலரை அடிக்குள் முடிந்துவிடும். அதற்கு மேல் போனால் மண் சேரச் சேர டயர் சுற்றும், வண்டி நகராது. காய்ந்த செம்மண்ணைப் பிளேடு வெட்டாது, மேலே வழுக்கிக்கொண்டு போகும். முதலில் கல்டிவேட்டர் போட்டுக் கிளறி, ஒரு தடவைக்கு இரண்டு அங்குலத்துக்கு மேல் இறக்காமல் இழுக்க வேண்டும். மண்ணைக் கொஞ்ச தூரம் கொண்டுபோக வேண்டுமென்றால் இரு பக்கமும் தகடு அடைத்த பாக்ஸ் பிளேடு வாங்குங்கள். சாதா பிளேடில் மண் ஓரத்தில் வழிந்துவிடும்.

வெட்டும் விளிம்பில் ஒரு அரத்தை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். கெட்டிப்படுத்திய இரும்பில் அரம் வழுக்கும், சாதா இரும்பில் கடிக்கும். எங்களுடையதில் வெண்ணெய் மாதிரி கடித்தது. அதுவும் போல்ட் போட்டதில்லை, வெல்டு வைத்தது. தேய்ந்தால் திருப்பிப் போட வழியில்லை.

முன்பக்க லோடர் (மண் அள்ளித் தூக்கும் வாளி) போடலாம் என்று அடுத்து ஆசை காட்டுவார்கள். கால் கன மீட்டர் மண்ணே 300 கிலோவைத் தாண்டும். பின்னால் எதிர் எடை இல்லாமல் தூக்கினால் பின் டயர் பிடிப்பு விட்டு, சரிவில் வண்டி கவிழும்.

மீதிப் பணம் கொடுக்கும் முன் கடையிலேயே வண்டியில் மாட்டி முழு உயரம் தூக்கிப் பாருங்கள்; முன் டயர் லேசானால் வேண்டாம். பில்லில் மாடல், அகலம், எடை, கேட்டகிரி நாலும் எழுதி வாங்குங்கள். எங்கள் பில்லில் "விவசாயக் கருவி 1" என்று மட்டும்தான் இருக்கிறது. அதைக் காட்டித்தான் கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். திரும்ப வெல்டு வைத்துத் தருகிறாராம்.