பிரின்டர் வீட்டில் இருக்க, லேபுக்கு எதற்கு?

வீட்டில் போட்டோ பிரின்டர் வாங்கினால் காசு மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மிச்சமாகாது. ஆனாலும் நான் ஒன்று வைத்திருக்கிறேன், விற்கும் எண்ணமும் இல்லை. அது இருக்கும்போதே போட்டோ லேபுக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். இரண்டு பக்கமும் காசு கொடுத்துப் பார்த்தவன் என்பதால் எது எதற்கு உதவும் என்று எழுதுகிறேன்.

கும்பகோணம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியர் நான். படித்ததும் இங்கே இருக்கிற கவின் கலைக் கல்லூரியில்தான். பள்ளியில் என்ன விழா வந்தாலும் "டிராயிங் சார் கேமரா வச்சிருக்காரு" என்று என் தலையில் கட்டிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை தாராசுரம் போய்ச் சிற்பங்களைப் படம் எடுப்பது சொந்த ஆசை. ஆக என்னிடம் பிரின்ட்டுக்கு வருவது மூன்று வகை: பிள்ளைகளின் முகம், கோயில் கல், யாராவது அவசரமாகக் கேட்கும் பாஸ்போர்ட் சைஸ்.

முதலில் கணக்கு. என்னுடையது ஆறு கலர் இங்க் டேங்க் பிரின்டர். கடையில் இந்த வகை கேட்டால் எப்சன் எல்8050, கேனான் ஜி670 மாதிரி மாடல்களைக் காட்டுவார்கள். ஆபீஸ் வேலைக்கான நாலு கலர் பிரின்டரிலும் போட்டோ வரும். ஆனால் நெற்றியில், கன்னத்தில் வெளிச்சம் விழும் இடத்தில் மைப்புள்ளி பொடிப்பொடியாகத் தெரியும். அதைத் தவிர்க்கத்தான் எப்சனில் வெளிர் நீலமும் வெளிர் மெஜந்தாவும் கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்கள். கேனான் ஜி670 வேறு வழியில் போகிறது, அதில் சிவப்பும் சாம்பலும். என் பிரின்டருக்கு 25,000 ரூபாயை ஒட்டிச் செலவானது. ஒரு 4×6 அங்குலக் காப்பிக்குத் தாளும் மையும் சேர்த்து வீட்டில் எட்டு ரூபாய் வரை ஆகிறது. எங்கள் ஊர் லேபில் அதே மேக்ஸி சைஸ் பன்னிரண்டு ரூபாய், நூறு இருநூறு என்று மொத்தமாகக் கொடுத்தால் இன்னும் குறைப்பார்கள். ஒரு காப்பிக்கு நாலு ரூபாய் மிச்சம் பிடித்து 25,000-ஐ எடுக்க 6,250 படம் அடிக்க வேண்டும். எந்தக் குடும்பத்தில் அவ்வளவு சிரிக்கிறார்கள்?

பாஸ்போர்ட் சைஸ்தான் விதிவிலக்கு. 35-க்கு 45 மில்லிமீட்டர் படம் ஒரு 4×6 தாளில் எட்டு உட்காரும். ஸ்டுடியோவில் எட்டு காப்பிக்கு எண்பது, நூறு வாங்குகிறார்கள். வீட்டில் அதே எட்டு ரூபாய்தான். ஹாஸ்டல் விண்ணப்பம், வங்கிக் கணக்கு, உதவித்தொகைப் படிவம் என்று பள்ளியில் வருடம் முழுக்க யாருக்காவது போட்டோ தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் நிற்கவைத்து எடுத்தால் போதும். இரவு பத்து மணிக்குப் பையன் "நாளைக்குக் காலையில போட்டோ ஒட்டிக் குடுக்கணும்" என்று சொல்லும் வீடுகளில் இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சரி, தொல்லை எங்கே? சும்மா கிடந்தால் இந்த மெஷின் கெட்டுப்போகும். மை வரும் துளைகள் மயிரிழையைவிடச் சின்னவை. மே மாத விடுமுறையில் ஒரு மாதம் தொடாமல் விட்டால் ஏதாவது ஒரு கலர் அடைத்துக்கொள்ளும், படத்தில் கோடு கோடாக விழும். என் பிரின்டர் என்றில்லை, இங்க்ஜெட் எதுவானாலும் இதுதான் சுபாவம். ஹெட் கிளீனிங் போட்டால், அதாவது மையை ஓடவிட்டுத் துளைகளைக் கழுவினால், சரியாகும். ஆனால் அந்த மையெல்லாம் தாளுக்குப் போவதில்லை. உள்ளே இருக்கிற பஞ்சுக்குப் போகிறது. அந்தப் பஞ்சு நிறைந்தால் அதற்கு ஒரு செலவு. அதனால் தேவை இருக்கிறதோ இல்லையோ வாரத்துக்கு ஒரு படமாவது அடித்துவிடுகிறேன். மாடு வாங்கிக் கட்டியாகிவிட்டது, பால் வேண்டுமோ வேண்டாமோ கறந்தே ஆக வேண்டும்.

லேபுக்கும் இதே விதி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பழைய முறை டிஜிட்டல் லேப் என்றால் நோரிட்சு அல்லது பியூஜி பிரான்டியர் மெஷின். அதில் மை கிடையாது. சிவப்பு, பச்சை, நீல லேசர் ஒளி போட்டோத் தாளில் படத்தை எழுதும். அந்தத் தாள் டெவலப்பர், பிளீச்-பிக்ஸ், கழுவும் திரவம் என்று வரிசையாக மூழ்கி, உலர்ந்து வெளியே வரும். நிறம் தாளுக்குள்ளேயே உருவாகிறது. நகை பார்க்கும் லென்ஸை வைத்துப் பார்த்தாலும் புள்ளி தெரியாது. முகத்தில் வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு நிறம் வழுக்கிக்கொண்டு இறங்கும். வீட்டு பிரின்டர் அந்த இடத்தில் இன்றைக்கும் ஒரு படி கீழேதான்.

ஆனால் தொட்டியில் இருக்கும் அந்த ரசாயனத்துக்கு வேலை இருந்துகொண்டே இருக்க வேண்டும். தாள் ஓட ஓடத்தான் புது மருந்து உள்ளே போகும். ஓடாமல் நின்றால் இருக்கிற மருந்தே காற்றுப் பட்டுச் சோர்ந்துவிடும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, கல்யாண ஆர்டர் இல்லை, மெஷின் பாதி நாள் சும்மா நிற்கும். "ரெண்டு நாள் கழிச்சு வாங்க, சேத்து அடிச்சுடறோம்" என்பார்கள். அந்த மாதங்களில் வாங்கிய காப்பிகளில் வெள்ளைச் சட்டை லேசாக மஞ்சள் தட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதே கடையில் ஆவணியிலும் தையிலும் அடித்தவை பளிச்சென்று இருக்கின்றன. முக்கியமான படம் என்றால் முகூர்த்த மாதத்தில் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் என் வழக்கம். நல்ல நாள் பார்த்து போட்டோ அடிக்கிறவன் என்று வீட்டில் கிண்டல் செய்கிறார்கள், செய்யட்டும்.

இப்போது பல லேபுகள் இந்தத் தொட்டி முறையையே விட்டுவிட்டு 'டிரை லேப்' வைத்துவிட்டன. பியூஜியின் டிஎக்ஸ்100, எப்சனின் ஷ்யூர்லேப் டி700 எல்லாம் உள்ளே இங்க்ஜெட்தான். மோசம் என்று சொல்லமாட்டேன், காப்பிக்குக் காப்பி நிறம் மாறாமல் வருகிறது. ஆனால் உங்கள் வீட்டு மெஷினின் பெரியண்ணனிடம்தான் போகிறீர்கள் என்று தெரிந்து போங்கள். எது என்று கடையில் கேட்டால் சொல்வார்கள். (ஓர் இடைச்செருகல்: ஊரில் ஒரு பழைய ஸ்டுடியோ வாசலில் இன்னும் கோனிகா போர்டு தொங்குகிறது. கோனிகா மினோல்டா 2006-லேயே போட்டோ தொழிலை விடுவதாக அறிவித்துவிட்டது. போர்டு மட்டும் விடவில்லை.)

லேபோடு எனக்கு இருக்கும் உண்மையான சண்டை விலையைப் பற்றியது அல்ல, நிறத்தைப் பற்றியது. எங்கள் பள்ளிப் பிள்ளைகள் பெரும்பாலும் நல்ல கறுப்பு, மிஞ்சினால் மாநிறம். விளையாட்டு விழாப் படங்களை ஒரு லேபில் கொடுத்தேன். வந்தது எல்லாம் மாவு பூசிய முகம். நூறு மீட்டரில் ஜெயித்த பெண்ணின் தாடையில் ஓடிய வியர்வை, அதில் அடித்த வெயில், ஒன்றுமே இல்லை. மெஷினே ஒரு தடவை தானாகத் திருத்துகிறது. அதற்கு மேல் ஆபரேட்டரும் டென்சிட்டியை, அதாவது நிறத்தின் அடர்த்தியை, குறைத்து ஒரு தட்டுத் தட்டுகிறார். அடுத்த முறை நேரில் உட்கார்ந்தேன்.

"தம்பி, கரெக்‌ஷன் எதுவும் போடாம அப்படியே அடிச்சுக் குடுங்க."

"முகமெல்லாம் டல்லா இருக்கே சார். கொஞ்சம் ஏத்தி விடறேனே? கஸ்டமர் எல்லாம் அப்படித்தான் கேக்கறாங்க."

"டல் இல்லப்பா. அதுதான் அந்தப் பொண்ணோட நிறம்."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நிஜமாகவே அப்படித்தான் கேட்கிறார்கள், கல்யாண வீட்டில் கேட்கவே வேண்டாம். இந்தத் தொழிலின் பழைய கதையும் அதுதான். கோடாக் ஒரு காலத்தில் லேபுகளுக்கு அனுப்பிய 'ஷர்லி கார்டு' என்ற மாதிரி அட்டையில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அந்தத் தோல் சரியாக வந்தால் மெஷின் சரி. இன்றைக்குக் கவுன்டரில் "நோ கரெக்‌ஷன்" என்று கவரின் மேல் எழுதச் சொன்னால் எழுதுவார்கள். சொல்லவில்லை என்றால் வெளுத்துத்தான் வரும். சொல்லிக் கொடுத்தபோது அதே லேபிலிருந்து வந்த காப்பிகள் அருமை. அந்தக் கறுப்பின் செழிப்பை என் பிரின்டரால் கொண்டுவர முடியவில்லை. முகங்களுக்கு லேப்தான், ஆனால் வாயைத் திறந்து கேட்க வேண்டும்.

கல்லுக்குக் கதை தலைகீழ். தாராசுரத்தில் இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோயிலில் தேர்ச் சக்கரம் இருக்கும் மண்டபத்தைக் காலையில் பார்த்தால் ஒரு சாம்பல், சாயங்காலம் ஒரு பழுப்பு. சாம்பலை அடிப்பதுதான் எந்த மெஷினுக்கும் பெரிய சோதனை. ஒரு துளி மெஜந்தா கூடினாலும் கல் ரோஸ் கலராகிவிடும். லேபில் கிடைப்பது கிளாசி, மேட், சில்க், இன்னும் ஒன்றிரண்டு. எல்லாமே பிளாஸ்டிக் பூச்சுள்ள தாள்தான், மேட் கூட ஒரு மினுமினுப்போடு வரும். வீட்டில் நான் கனமான மேட் தாள் போட்டு அடிக்கிறேன். கறுப்பு அவ்வளவு ஆழமாக விழாது, கல்லுக்கு அது தேவையும் இல்லை. காய்ந்ததும் ஆனையும் காளையும் ஒரே தலையைப் பங்குபோடும் அந்தச் சிற்பம் கரித்துண்டில் வரைந்த மாதிரி இருக்கும். நிறம் பிடிக்கவில்லையா, மாற்றி இன்னொன்று அடி, மறுபடி பார். இந்தச் சுதந்திரத்துக்காகத்தான் அந்த 25,000 என்றே வைத்துக்கொள்கிறேன்.

இதற்கு இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பிரின்டரில் தாளின் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். சாதாத் தாள் என்று விட்டுவிட்டுக் கிளாசித் தாளைப் போட்டால் மெஷின் குறிவைப்பதே வேறு நிறத்தை. அப்புறம் போன் வெளிச்சம். திரை முழு வெளிச்சத்தில் இருக்கும்போது படத்தைத் திருத்தி அடித்துவிட்டு "இருட்டா வந்திருக்கு" என்று பலர் சொல்கிறார்கள். தாளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பாதிக்குக் குறைத்து வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய அப்படித்தான் வரும்.

பெரிய சைஸ் என்றால் யோசிக்கவே வேண்டாம், லேப். என் பிரின்டர் ஏ4-ஓடு நின்றுவிடும். 12×18 அங்குலத்தை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அடிக்க 5400-க்கு 3600 பிக்சல் வேண்டும். 24 மெகாபிக்சல் கேமரா படம் தாராளமாகப் போதும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் போதாது. அது நீளவாக்கில் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது, 18 அங்குலத்துக்கு இழுத்தால் 90 டிபிஐ கூடத் தேறாது. டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லை பென் டிரைவில் கொண்டுபோங்கள். இன்னொன்று, போன் படம் 4-க்கு 3 கணக்கு, 4×6 தாள் 3-க்கு 2. படம் தாளை நிறைக்க வேண்டும் என்றால் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். குரூப் போட்டோவில் அது யாருடைய தலை என்பது லேபின் அவசரத்தைப் பொறுத்தது. 6×8 கேட்டால் வெட்டே இல்லாமல் உட்காரும்.

சின்னதாக வருகிற டை-சப்ளிமேஷன் பிரின்டரை, அதாவது சாயத்தைச் சூட்டில் தாளுக்கு ஏற்றுகிற வகையை, பற்றியும் கேட்கிறார்கள். கேனான் செல்பி சிபி1500 என் மைத்துனர் வீட்டில் இருக்கிறது. தாள் நாலு தடவை உள்ளே போய் வரும்: மஞ்சள், மெஜந்தா, நீலம், கடைசியில் பாதுகாப்புப் பூச்சு. முக்கால் நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மை அடைக்காது, மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தாலும் எடுத்தவுடன் அடிக்கும். போஸ்ட்கார்டு சைஸுக்கு மேல் போகாது, காப்பி விலை லேபைத் தாண்டும். எப்போதாவது பத்துப் படம் அடிக்கிற வீட்டுக்கு, இங்க்ஜெட்டைவிட இதுதான் நிம்மதி.

எவ்வளவு நாள் தாங்கும் என்பதில் லேப் தாளைத்தான் நம்புகிறேன். என் பிரின்டரின் மை சாய வகை. கண்ணாடி போடாமல் காற்றுப்பட மாட்டினால் வெளிறிவிடும். காலமான பெரியவர்கள் படம் என்றால் மாலையும் சீரியல் பல்புமாக வருடக்கணக்கில் சுவரில் இருக்கப் போவது, அதை வீட்டில் அடிப்பதே இல்லை. ஆனால் எந்தப் படமானாலும் பிரேம் போடுகிறவரிடம் ஓரத்தில் மவுன்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்குப் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும்.

சக ஆசிரியை ஒருவர், மகள் கல்யாணம் வருகிறது, உங்களுடையது மாதிரி ஒரு பிரின்டர் வாங்கிவிடட்டுமா என்று கேட்டார். "வேண்டாம் டீச்சர். கல்யாணப் படம் ஒரே தடவை, நானூறு ஐந்நூறு காப்பி. தையில லேபுல குடுங்க, கரெக்‌ஷன் வேண்டாம்னு எழுதி வாங்குங்க. அதுக்கப்புறம் வருஷம் முழுக்க எதை அடிக்கப் போறீங்க?" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப எனக்கு பேங்க்குக்கு ஒரு பாஸ்போர்ட் சைஸ் மட்டும் நீங்களே எடுத்துக் குடுத்துடுங்க சார்" என்றார்.