கொழும்பில் ஒரு பகல்: கோட்டைப் பக்க விடுதியா, வெள்ளவத்தை அறையா?

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் அலுவலாகக் கொழும்புக்குப் போகிறவர்கள், உறவினர் வீட்டில் தங்க வசதிப்படாத வேளைகளில், பெரும்பாலும் இரண்டு இடங்களைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். ஒன்று, கோட்டைப் புகையிரத நிலையத்தைச் சுற்றியுள்ள சிறிய, மலிவான விடுதிகள். மற்றது, வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் இருக்கும் விருந்தினர் இல்லங்களும் தொடர்மாடி அறைகளும். அம்மாவின் கண் சிகிச்சைக்காக அடுத்தடுத்து நான்கு தடவை போய்வர நேர்ந்தபோது, முதல் இரண்டு தடவை வெள்ளவத்தையிலும் பின்னைய இரண்டு தடவை கோட்டைப் பக்கத்திலும் தங்கினோம். இனிமேல் கோட்டைப் பக்கந்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அந்த முடிவுக்கு வாடகையோ கட்டிலோ காரணமல்ல என்பதால், அதைச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

வாடகையில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு இடங்களிலும் மின்விசிறி அறை, குளிரூட்டி அறை என்று இரண்டு விலை சொல்வார்கள். இரண்டு இடங்களிலும் நல்ல அறையும் உண்டு, சுவர் ஊறிய அறையும் உண்டு. சுடுதண்ணீர், இணைய வசதி, தொலைக்காட்சி ஆகியவற்றை வைத்து ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டிய அவசியம் எனக்கு ஏற்படவில்லை. கடற்காற்று வெள்ளவத்தைக்கு உரியது; அதையும் ஏற்றுக்கொள்கிறேன்.

எங்கள் ஊர்க்காரருக்கு எல்லாவற்றையும் தீர்மானிப்பது, அறையின் நாள் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்பதுதான். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரத்தை நாங்கள் பகலில் கடப்பது குறைவு. இரவு பஸ்ஸிலோ இரவுத் தபால் புகையிரதத்திலோ ஏறி, விடியப்புறம் நாலரை, ஐந்து மணிக்குக் கொழும்பில் இறங்கி, பகல் முழுவதும் அலுவல் பார்த்து, அன்றிரவே மறுபடி பஸ் ஏறுவதுதான் வழக்கம். ஆகவே எங்களுக்கு வேண்டியது ஓர் இரவல்ல, ஒரு பகல். விடுதிகளோ இரவைத்தான் விற்கின்றன. பிற்பகல் 2 மணிக்கு உள்ளே வரலாம், மறுநாள் முற்பகல் 11 மணிக்கு அல்லது நண்பகலுக்கு வெளியேற வேண்டும் என்ற கணக்கு, பகலில் பயணம் செய்து இரவில் உறங்கும் ஒருவருக்காக வகுக்கப்பட்டது. இரவில் பயணம் செய்து பகலில் ஒதுங்க இடம் தேடும் எங்களுக்கு அது அடியோடு பொருந்தாது.

முதற் பயணத்தில் இதை நான் யோசிக்கவில்லை. தொலைபேசியில் அறை பேசி, முற்பணமும் அனுப்பிவிட்டு, வெள்ளவத்தையில் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது நேரம் நாலே முக்கால். படலை பூட்டியிருந்தது. நான்கைந்து தடவை அழைத்த பிறகு, உறக்கத்திலிருந்து எழுந்துவந்த உரிமையாளர், முன்னைய நாள் வந்தவர்கள் இன்னும் அறையில் இருக்கிறார்கள் என்றும் இரண்டு மணிக்குப் பிறகுதான் தர முடியும் என்றும் சொன்னார். அவர் சொன்னதில் பிழையில்லை. கேட்காமல் விட்டது என் பிழை. விராந்தையில் இரண்டு கதிரை தந்தார், பைகளையும் வாங்கி வைத்தார். அம்மா பஸ்ஸில் கசங்கிய சேலையோடு, முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார். குளித்துச் சாமி கும்பிடாமல் வெளியே இறங்காத ஒருவருக்கு அது எத்தகைய சங்கடம் என்பது எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும்.

அதைவிடக் கடினமானது அதற்குப் பிறகு வந்த நேரம். கண்ணைப் பரிசோதிப்பதற்காகக் கருமணியை விரியச் செய்யும் மருந்துத் துளியை விட்டால், சில மணித்தியாலங்களுக்குப் பார்வை மங்கலாக இருக்கும். வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாது. அந்த நிலையில் வேண்டியது திரை மூடிய ஓர் அறை. நாங்கள் ஒரு மணிக்குத் திரும்பி வந்து, மேலும் ஒரு மணித்தியாலம் அதே விராந்தையில், அம்மா சேலைத் தலைப்பால் கண்ணை மூடியபடி, காத்திருந்தோம். இரவு ஒன்பது மணிக்குப் பஸ். ஓர் இரவுக்குரிய முழுப் பணத்தையும் கொடுத்து நாங்கள் அனுபவித்தது ஏழு மணித்தியாலத்துக்கும் குறைவு.

இரண்டாம் தடவை, அந்த அனுபவத்தால் முன்னைய நாளிலிருந்தே அறையை எடுத்தேன். விடியப்புறம் வந்ததும் அறை தயாராக இருந்தது. அம்மா குளித்தார், உடுத்தினார், நிம்மதியாகப் புறப்பட்டார். ஆனால் பதினொரு மணிக்கு அந்த நாள் முடிந்துவிட்டது. மாலைவரை இருப்பதற்கு இன்னொரு நாள் வாடகை கட்டினேன். விளங்குவதற்காக வாடகை 6,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், காலை 5 மணி முதல் இரவு 8 மணிவரை பதினைந்து மணித்தியாலம் இருப்பதற்கு 12,000 ரூபா கொடுக்க வேண்டியிருக்கிறது. மாதம் ஒரு தடவை கிளினிக்குக்கு வர வேண்டிய குடும்பத்துக்கு இது சிறிய தொகையன்று.

மூன்றாம் தடவை தபால் புகையிரதத்தில் வந்தோம். கோட்டைப் புகையிரத நிலையம் என்று பெயர் இருந்தாலும் அது நிற்பது புறக்கோட்டையில் என்பதைப் புதிதாக வருகிறவர்கள் கவனிக்க வேண்டும். வாசலைக் கடந்தால் சந்தடி நிறைந்த புறக்கோட்டைதான், அங்கிருந்து மேற்கே துறைமுகத்தையும் வங்கிகளையும் அண்டியிருப்பதே கோட்டை. நடந்து போகக்கூடிய தூரத்தில் இருந்த ஒரு விடுதியில், இருபத்துநான்கு மணித்தியாலக் கணக்கு என்று முன்கூட்டியே கேட்டு உறுதி செய்திருந்தேன். உள்ளே நுழையும் நேரம் எதுவோ, அங்கிருந்து மறுநாள் அதே நேரம்வரை அறை எங்களுடையது. வரவேற்பு மேசையில் விழித்திருந்த அட்டன் பக்கத்துப் பையன், “அம்மாவ மொதல்ல ஒக்கார வைங்க சார், பதிவு பொறகு பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டுத் திறப்பை எடுத்துக்கொண்டு பைகளோடு மேலே போனான். ஐந்தரைக்கு அம்மா குளித்துவிட்டார். கிளினிக் முடிந்து பகல் முழுவதும் அறையை இருட்டாக்கி உறங்கினார். இரவு எட்டு மணிக்கு அறையைக் கொடுத்தபோதும் எங்கள் கணக்கில் ஒன்பது மணித்தியாலம் மிச்சமிருந்தது. கட்டியது ஒரே ஒரு நாள் வாடகை.

இது ஒரு விடுதிக்காரரின் தாராளம் என்று நான் நினைக்கவில்லை. அந்த இடத்தின் தொழில் அப்படி. புறக்கோட்டை நாடு முழுவதற்குமான மொத்த வியாபாரச் சந்தை. துணி, பாத்திரம், மின்பொருள் என்று குறுக்குத் தெருக்களில் கொள்முதல் செய்ய வரும் வெளியூர் வியாபாரிகளும் எங்களைப் போலவே விடியப்புறம் வந்து, குளித்து, கடை திறந்ததும் சாமான் எடுத்து, இரவோடு திரும்புகிறவர்கள். அவர்களை நம்பி வளர்ந்த விடுதிகளில் மேசைக்குப் பின்னால் இரவு முழுவதும் ஒருவர் விழித்திருக்கிறார். பகல் வாடகை என்று பாதித் தொகைக்கு அறை தருகிறவர்களும் உண்டு. வெள்ளவத்தையில் பெரும்பாலும் ஒரு குடும்பம் தன் வீட்டின் மாடியையோ தொடர்மாடியில் ஓர் அறையையோ வாடகைக்கு விடுகிறது. அவர்களும் உறங்க வேண்டுமல்லவா?

எல்லா நகர்மைய விடுதிகளும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இணையத்தில் பதிவு செய்யும் விடுதிகள் பெரும்பாலும் பிற்பகல் இரண்டு மணிக்கு உள்ளே விடும் கணக்கையே பின்பற்றுகின்றன. மறுபக்கம், இரண்டு மணித்தியாலம், மூன்று மணித்தியாலம் என்று அறை கொடுக்கும் இடங்களும் நிலையத்தைச் சுற்றி இருக்கின்றன. அங்கே குடும்பத்தோடு போகக்கூடாது. அடையாள அட்டையைக் கேட்டுப் பதிவேட்டில் ஒழுங்காக எழுதுகிறார்களா, முன்கூடத்தில் குடும்பங்கள் தெரிகின்றனவா என்று முதலில் தனியே போய்ப் பார்த்துவிட்டு, அதன் பின்னரே அம்மாவை அழைத்துச் சென்றேன். மின்தூக்கி இல்லாத பழைய கட்டிடங்கள் அதிகம். முழங்கால் நோவு உள்ளவர்களுக்கு முதலாம் மாடிக்கு மேலே அறை எடுக்கக்கூடாது.

சத்தம் ஒரு குறைதான். லொறிகளில் சாமான் ஏற்றி இறக்கும் ஓசையும் சுமை தூக்கும் நாட்டாமைகள் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வழி கேட்டுக் கூவுவதும் காலையிலேயே தொடங்கிவிடும். தெருப் பக்கம் சன்னல் இல்லாத பின் அறையைக் கேட்டு வாங்கினால் பாதித் தொல்லை குறையும். இரவில் நிலைமை மாறிவிடுகிறது. கடைகள் பூட்டிய பின் குறுக்குத் தெருக்கள் வெறிச்சோடிப் போகின்றன. ஞாயிற்றுக்கிழமையிலும் போயா தினத்திலும் பகலிலேயே பாதித் தெரு உறங்குகிறது. தனியே வரும் ஓர் இளம் பெண்ணை அங்கே தங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. இரவு பத்து மணிக்கும் காலி வீதியில் சனநடமாட்டம் இருக்கும், கடைக்காரரிடம் தமிழில் கேட்டு வாங்கலாம், ஒழுங்கைக்குள் யாராவது தெரிந்த முகம் எதிர்ப்படும் என்ற நிம்மதி வெள்ளவத்தைக்கே உரியது. மரக்கறிச் சாப்பாட்டிலும் வெள்ளவத்தை முந்துகிறது. அம்மா அங்கே சாப்பிட்ட இடியப்பத்தையும் சொதியையும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கோட்டைப் பக்கத்தில் நல்ல சைவக் கடைக்குச் செட்டியார் தெருப் பக்கமாக நடக்க வேண்டியிருந்தது.

போக்குவரத்தைப் பொறுத்தவரை கோட்டைப் பக்கமே வசதி, ஏனென்றால் நகரப் பஸ்களில் பல அங்கிருந்து புறப்படுகின்றன. மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு 138, குடிவரவுத் திணைக்களம் இருக்கும் பத்தரமுல்லைக்கு 170, காலி வீதி வழியே வெள்ளவத்தைக்கே போவதென்றாலும் 100 அல்லது 101. புறப்படும் இடத்திலேயே ஏறுவதால் வயதானவருக்கு இருக்கை கிடைக்கிறது. லிப்டன் சுற்றுவட்டத்துக்கு அருகிலுள்ள கண் வைத்தியசாலைக்கு முச்சக்கரவண்டியில் போவதானாலும் வெள்ளவத்தையைவிடக் கிட்ட. திரும்பும் பயணத்தில் மட்டும் ஒரு விடயம் உண்டு: யாழ்ப்பாணத்துக்கான சொகுசு பஸ்களில் பல வெள்ளவத்தையிலிருந்தே புறப்படுகின்றன. கோட்டைப் பக்கம் தங்கினால், வழியில் எங்கே ஏற்றுவார்கள் என்று ஆசனம் பதியும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். புகையிரதத்தில் திரும்பினால் அந்தக் கவலையே இல்லை.

அப்பா உயிரோடு இருந்திருந்தால் இந்த முடிவுக்குச் சம்மதித்திருக்க மாட்டார். அவருடைய தலைமுறையினருக்கு லொட்ஜ் என்ற சொல்லே வயிற்றைக் கலக்கும். 2007 யூன் 7ஆம் திகதி விடியப்புறம், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்கள் நூற்றுக்கணக்கில் எழுப்பப்பட்டு, பஸ்களில் ஏற்றி நகரத்தை விட்டு அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பிறகே அது நின்றது. வைத்தியத்துக்கும் வீசாவுக்கும் கடவுச்சீட்டுக்கும் வந்தவர்கள்தான் அன்று அந்த அறைகளில் இருந்தார்கள், இன்று நாங்கள் போகிற அதே காரணங்களுக்காக. உறவினர் வீட்டுத் தரையில் பாய் விரித்துப் படுத்தாலும் லொட்ஜில் தங்காதே என்று பெரியவர்கள் சொல்வது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அவர்களோடு வாதாடக்கூடாது. அம்மாவும் முதல் தடவை பதிவேட்டில் கையெழுத்திடும்போது சற்றுத் தயங்கினார்.

கொட்டாஞ்சேனையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அங்கே நான் பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒரே ஓர் இரவு தங்கியிருக்கிறேன், அதை வைத்து நல்லது கெட்டது சொல்வது நியாயமாகாது. தமிழ்ச் சூழலும் உண்டு, புறக்கோட்டையும் கிட்ட, ஆகவே விசாரித்துப் பார்க்கலாம். மழைக்காலத்தில் கோட்டைப் பக்கம் தங்கிய அனுபவமும் எனக்கில்லை. நாங்கள் போன இரண்டு தடவையும் வெயில் காலம்.

மூன்று நாளுக்கு மேல் தங்குவதென்றால், கலியாணச் சேலை எடுக்கக் குடும்பமாக வருவதென்றால், பிள்ளை பரீட்சைக்கோ நேர்முகத் தேர்வுக்கோ தனியே வருவதென்றால், வெள்ளவத்தையே சரி. நாட்கள் கூடக்கூட அந்த முதல் விடியற்காலையின் நட்டம் கரைந்துவிடும். விடியப்புறம் வந்து இரவே திரும்புகிறவர்கள், அதிலும் நோயாளியோடு வருகிறவர்கள், கோட்டைப் பக்கத்தில் இருபத்துநான்கு மணித்தியாலக் கணக்குள்ள விடுதியைத் தேட வேண்டும். தொலைபேசியில் வாடகையைக் கேட்பதற்கு முன், “காலை ஐந்து மணிக்கு வந்தால் எப்போது வரை இருக்கலாம்?” என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் முற்பணம் அனுப்ப வேண்டாம். போய் இறங்கியதும், பணம் கட்டிய பற்றுச்சீட்டில் திகதியோடு உள்நுழைந்த நேரத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான்காம் தடவை, காலையில் இருந்தவர் மாறி மாலையில் வேறொருவர் மேசைக்கு வந்து, பகல் பன்னிரண்டோடு நாள் முடிந்துவிட்டது என்று சொன்னபோது, “மு.ப. 5.10” என்று எழுதியிருந்த அந்தச் சிறிய துண்டைத்தான் எடுத்துக் காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, அம்மா எழும்பியதும் திறப்பைத் தந்தால் போதும் என்றார்.