ரெண்டு வேர் மேல உக்காந்திருக்கற பல்செட்: மூணு வருஷ அனுபவம்

கீழ்த்தாடைக்கு ஃபுல் செட் போட்டவங்களக் கேட்டுப்பாருங்க, மேல் செட்டாவது அண்ணத்துல கப்புனு ஒட்டிக்கும், கீழ இருக்கறதுக்கு அந்தப் புடிமானம் கெடையாது, நாக்கு ஒரு பக்கம் தள்ளும் கன்னம் ஒரு பக்கம் தள்ளும், பேசிட்டிருக்கும்போதே எந்திரிச்சு வந்துரும். எனக்கு கீழ மிச்சமிருந்தது ரெண்டு கோரைப்பல்லு. அதையும் புடுங்கிட்டு மொத்தமா போட்டுடுங்கன்னு நானேதான் சொன்னேன். டாக்டர்தான், வேர் ஆடல, இருக்கட்டும்னு தடுத்தாங்க.

ரெண்டுக்கும் ரூட் கெனால் பண்ணி, ஈறுக்கு மேல ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் மட்டும் விட்டு வெட்டி, மொட்டையா உருட்டி, ஃபில்லிங் வச்சு அடைச்சாங்க. அது மேல செட் தொப்பி மாதிரி உக்காரும். பேரு ஓவர்டென்ச்சர். வெளிய பாத்தா சாதா செட்டுதான்.

கடிக்கும்போதுதான் வித்தியாசம். எவ்ளோ அழுத்திக் கடிக்கறோம்னு தெரியுது. வேரைச் சுத்தி இருக்கற சவ்வுதான் அந்த உணர்ச்சியக் குடுக்குதாம், வேரே இல்லாத என்னோட மேல் செட்ல அது சுத்தமா இல்ல. இன்னொண்ணு எலும்பு. பல்ல எடுத்தா அங்க தாடை எலும்பு கரைய ஆரம்பிச்சுரும். 1978ல க்ரம், ரூனின்னு ரெண்டு பேர் 5 வருஷம் அளந்து எழுதிருக்காங்க, கீழ் முன்தாடைல ஃபுல் செட்காரங்களுக்கு சராசரியா 5.2 மில்லிமீட்டர் போயிருக்கு, கோரைப்பல் வேர விட்டுவச்சவங்களுக்கு 0.6 தான். படிச்சதும் நான் புடுங்கச் சொன்னது ஞாபகம் வந்து பகீர்னுச்சு.

ஆனா பூட்டு போட்ட மாதிரி நிக்கும்னு நெனச்சு வாங்காதீங்க. வெறும் வேர் தாங்கும், இழுத்துப் புடிக்காது. அதுக்கு வேர்ல பட்டன் மாதிரி ஒண்ணோ மேக்னட்டோ தனியா வைக்கணும், நான் வைக்கல, கொட்டாவி விட்டா இப்பவும் லேசா தூக்கும்.

பெரிய தலைவலி சொத்தை. வெட்டுன பல்லுதானேன்னு நான் ஒழுங்கா தேய்க்கல, ரெண்டாவது வருஷம் இடது வேர் ஓரத்துல சொத்தை புடிச்சிருச்சு. நரம்பதான் ஏற்கனவே எடுத்தாச்சே, வலிக்கவே இல்ல! ஆறு மாச செக்கப்புக்குப் போனதால மாட்டுச்சு, இல்லன்னா வேர் போயிருக்கும். இப்ப ராத்திரி செட்ட கழட்டி தண்ணில போட்டுட்டு, ரெண்டு மொட்டையையும் சாஃப்ட் பிரஷ்ல ஈறோட சேத்துத் தேய்க்கறேன், டாக்டர் எழுதிக்குடுத்த ஃப்ளோரைடு ஜெல் வேற. செட்டுக்கு பேஸ்ட் போடறதில்ல, கீறல் விழுந்துரும்.

வேருக்கு நேரா பிளாஸ்டிக் மெலிசா இருக்கும், எனக்கு கரெக்டா அங்கயே கிராக் விட்டுச்சு, உள்ள மெட்டல் வலை வச்சு சரி பண்ணாங்க. இத மொதல்லயே வச்சிருக்கலாம், கேட்டு வாங்கிக்கங்க.

அஞ்சுக்கு நாலு. அந்த ஒண்ணு கிராக்குக்காக கொறச்சது, சொத்தை என் தப்பு.