பங்கோரா, லங்காவியா?

பள்ளி விடுமுறை வந்தால் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்து லயத்தில் இதே பேச்சுதான். மலேசியாவின் இந்த இரண்டு தீவுகளுக்கும் போய் வந்தவள் நான்.

பயணம்: பங்கோர் என்றால் லூமுட் வரை கார், அப்புறம் ஃபெரியில் அரைமணி சொச்சம். லங்காவிக்கு கோலப் பெர்லிஸ் வரை ஓட்டி, அங்கிருந்து ஃபெரியில் ஒன்றே கால் மணி நேரம். போன தடவை பெரியம்மா கரை தெரியும்வரை கோடாலித் தைலத்தை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை.

செலவு: பங்கோரில் இளஞ்சிவப்பு டாக்சி வேன் போதும். லங்காவி பெரிய தீவு, கார் வாடகைக்கு எடுத்தே ஆகணும்.

கடை: சாக்லேட், பீங்கானுக்கு லங்காவிதான், 1987 முதல் வரியில்லை. பங்கோருக்கும் 2020இல் அந்தச் சலுகை வந்தது, ஆனால் கடைகள் குறைவு. நெத்திலிக் கருவாட்டுக்குப் பங்கோரை மிஞ்ச முடியாது.

பார்க்க: லங்காவியில் கேபிள் கார், தொங்கு பாலம். பங்கோரில் கடலோரத்தில் பத்திரகாளியம்மன் கோயில். அங்கேயே தெலுக் நிப்பா கடற்கரையில் மாலையானால் மின்கம்பியில் வரிசையாக வந்து உட்காரும் இருவாச்சிப் பறவைகள். எனக்கு அதுவே போதும்.

ஒரே ராத்திரி, கூட வயசானவர்கள் என்றால் பங்கோர். மூன்று நாள் லீவு, கையில் கொஞ்சம் காசு இருந்தால் லங்காவி.