சலுகை மாறிய கப்பல் பயணம்: மாட்டுங்கா பயண முகவர் சொன்ன கணக்கு

சியாட்டிலில் புறப்பட்டு அலாஸ்கா போய்த் திரும்பும் ஏழு இரவுப் பயணத்துக்கு முன்பணம் கட்டி முடித்த பிறகு, கப்பல் நிறுவனம் தன் சலுகைத் தொகுப்பையே மாற்றிவிட்டது. நாங்கள் பதிவு செய்தபோது பானங்கள், தனி உணவகத்தில் இரண்டு வேளைச் சாப்பாடு, ஆளுக்கு 150 நிமிட வைஃபை, ஒவ்வொரு துறைமுகத்திலும் கரைச்சுற்றுலாவுக்கு 50 டாலர் தள்ளுபடி. புதிய தொகுப்பில் வைஃபைக்கு வரம்பில்லை, தனி உணவகச் சாப்பாடு கூடுதல், உயர்ரக மது வகைகளும் உண்டு. கரைச்சுற்றுலாத் தள்ளுபடி மட்டும் போய்விட்டது. பழைய பதிவை ரத்து செய்து மறுபடி பதிவு செய்தால்தான் இவை கிடைக்குமாம். வீட்டில் எல்லோரும் உடனே மாற்றச் சொன்னார்கள்.

நாங்கள் எங்கள் பயண முகவரிடம் கேட்கப் போனோம். மும்பை மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் மாடியில் இருக்கும் சிறிய அலுவலகம் அது. எங்கள் பதிவைப் பார்த்துக்கொண்ட பையன் முதலில் கேட்ட கேள்வியே எனக்கு நம்பிக்கை தந்தது: "மாமி, முழுப்பணம் கட்ட வேண்டிய கடைசித் தேதி என்ன என்று பார்த்தீர்களா?" அந்தத் தேதிக்கு முன்னால் மாற்றினால் பெரும்பாலும் பெரிய இழப்பில்லை; திரும்பக் கிடைக்காத முன்பணமாக இருந்தால்தான் சிக்கல். தேதி கடந்துவிட்டால் புறப்படும் நாள் நெருங்க நெருங்க ரத்துக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். எங்களுக்கு அவகாசம் இருந்தது. உடனே அதே கப்பல், அதே நாள், அதே பால்கனி அறைக்கு அன்றைய விலையை எடுத்துக் காட்டினார். நாங்கள் பதிவு செய்த விலையைவிட நன்றாக ஏறியிருந்தது. டாலருக்கான ரூபாய் மதிப்பும் அதற்குள் சரிந்திருந்ததால் வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. வெளிநாட்டுப் பயணத் தொகுப்புக்கு விற்பவரே முன்கூட்டிப் பிடிக்கும் வரியான டிசிஎஸ்ஸை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், கட்டணம் ஏறினால் அதற்கும் கையிலிருந்து கூடுதல் பணம் எடுத்து வைக்க வேண்டும் அல்லவா?

சலுகைகளை நிறுவனம் சொல்லும் மதிப்பில் கூட்டாமல், நாங்கள் எதைப் பயன்படுத்துவோம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இந்த முறையைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் கணவரும் நானும் மது தொடுவதில்லை. ஆனால் இலவசம் என்று கொடுக்கும் பானத் தொகுப்புக்கும் ஆளுக்கு ஒவ்வொரு நாளும் 20 டாலருக்கு மேல் சேவைக் கட்டணம் வசூலிக்கிறார்கள். இரண்டு பேருக்கு ஏழு நாள் பெருக்கிப் பாருங்கள்! பானத் தொகுப்பே வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம் என்பதை முகவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். காப்பி, டீ, தண்ணீர் எப்படியும் பொது உணவுக்கூடத்தில் கிடைக்கும். தனி உணவகங்களில் முக்கியமானது மாட்டிறைச்சிக்குப் பேர்போனது. சைவக்காரர்களுக்கு அங்கே கூடுதல் வேளைகள் எதற்கு? வரம்பில்லாத வைஃபை மட்டும்தான் எனக்கு உண்மையிலேயே வேண்டியிருந்தது, பேத்தியோடு தினமும் பேச. அதைத் தனியாக வாங்கினாலே மலிவு.

தள்ளுபடி அதிகம் என்று வேறொரு கப்பலைக் காட்டி என் தம்பி ஆசை காட்டினான். அதன் வழித்தடத்தில், பனிப்பாறைகளைப் பார்க்கப் போகும் கிளேசியர் பே தேசியப் பூங்கா இல்லை. அந்தத் தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய பயணிகள் கப்பல்களுக்கு மேல் விடுவதில்லை. நாங்கள் இந்தப் பயணத்தைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். வைஃபைக்காகவும் சாப்பாட்டுக்காகவும் பனிப்பாறையை விட்டுக்கொடுக்க முடியாது. இன்னொன்றையும் முகவர் நினைவூட்டினார். வெளிநாட்டுக் கொடி தாங்கிய, அதாவது வேறு நாட்டில் பதிவான, கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் கிளம்பி அங்கேயே திரும்ப வேண்டுமானால் இடையில் வேறு நாட்டுத் துறைமுகம் ஒன்றைத் தொட்டாக வேண்டும். 1886ஆம் ஆண்டுச் சட்டம் அது. அதனால் எங்கள் கப்பல் கனடாவின் விக்டோரியாவில் நிற்கும். அமெரிக்க விசாவோடு கனடா விசாவும் வேண்டும். கரை இறங்காவிட்டாலும் வேண்டும்.

ஆகவே நாங்கள் மாற்றவில்லை. டோம்பிவிலியில் இருக்கும் என் நாத்தனாருக்கோ அதே முகவர் நேர்மாறாகச் சொன்னார். அவர்கள் எடுத்திருந்தது ஜன்னல் இல்லாத உள்ளறை. அதன் விலை இறங்கியிருந்தது, முன்பணமும் முழுதாகத் திரும்பும் வகை. மச்சினருக்கு ஒயின் பிடிக்கும், குழந்தைகளுக்கு வைஃபை வேண்டும். அவர்கள் மாற்றிக்கொண்டார்கள், அதுதான் சரி. பழைய பதிவை ரத்து செய்வதற்கு முன் புதிய அறையைப் பிடித்து உறுதி செய்துகொண்டதையும் பாராட்ட வேண்டும்.

இந்த முகவரிடம் குறைகளும் உண்டு. மாலையில் தொலைபேசியை எடுப்பதில்லை. ரூபாயில் விலை சொல்லும்போது எந்தத் தேதியின் டாலர் மதிப்பு என்று எழுதித் தருவதில்லை. நான் வற்புறுத்திய பிறகே தாளில் குறித்தார். இந்த ஒரு வரி இல்லாமல் இரண்டு விலைகளை ஒப்பிடவே முடியாது, ஆகையால் அதை அவர்கள் திருத்திக்கொள்ள வேண்டும்.

போகிறவர்கள் முதலில் பதிவு செய்த நாளின் ரசீதை அச்செடுத்துக்கொண்டு போங்கள். எங்களுக்கு உரிய சலுகைகள் அதில் வரிவரியாக இருந்ததால்தான், புதிய தொகுப்பு வந்த பிறகும் கரைச்சுற்றுலாத் தள்ளுபடி எங்கள் பதிவில் நிற்கிறது என்பதை அவர் கப்பல் நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சலில் எழுதி வாங்கித் தர முடிந்தது.