எட்டு ஓநாய் கேட்டேன், எட்டு மான் வந்தது

ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதைக்குள் ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட உட்கார்ந்தால் நான் எப்போதும் ட்ரூயிட்தான். காட்டையும் விலங்குகளையும் நம்பிப் பிழைக்கும் பாத்திரம் அது. வேறு எதுவும் எனக்கு ஒட்டுவதில்லை. ஐந்தாம் பதிப்பு வந்ததிலிருந்து விலங்குகளை வரவழைக்கும் மந்திரங்களை மூன்று வடிவங்களில் ஆடிப் பார்த்துவிட்டேன். எதை எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்பவர்களுக்காக இந்த மதிப்பீடு.

முதலில் 2014 விதிப்புத்தகத்தின் கான்ஜூர் அனிமல்ஸ். மூன்றாம் நிலை மந்திரம். சவால் அளவு (விலங்கின் பலத்தைக் காட்டும் எண்) 2 வரை உள்ள ஒரு விலங்கு, அல்லது 1 வரை உள்ள இரண்டு, அல்லது அரை அளவில் நான்கு, அல்லது கால் அளவில் எட்டு. படித்தவுடன் எல்லோருக்கும் எட்டின் மேல்தான் கண் போகும். எனக்கும் போனது. கப்பல் தளத்தில் கடற்கொள்ளையர் சூழ்ந்து நின்றபோது மந்திரத்தைப் போட்டுவிட்டு, "எட்டு ஓநாய்கள்" என்றேன். ஆட்டத்தை நடத்தும் டி.எம். (டஞ்சன் மாஸ்டர்) மறுப்பாகத் தலையை ஆட்டினார். எண்ணிக்கையைத்தான் நான் சொல்லலாம், விலங்கு அவர் விருப்பம். விளையாட்டை வடிவமைத்தவர்கள் தந்த விளக்கமும் அதுதான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வந்தவை எட்டு எல்க் மான்கள். ஒவ்வொன்றுக்கும் பத்தடிக்குப் பத்தடி இடம் வேண்டும். எல்க்கின் பலமே பாய்ந்து முட்டுவதில் இருக்கிறது. அதற்கு நேர்கோட்டில் இருபது அடி ஓட வேண்டும். கொம்பும் கொம்பும் உரசிக்கொண்டு நிற்கும் தளத்தில் எங்கே ஓடுவது? கொள்ளையர்களுக்கும் நகர வழியில்லை, எங்களுக்கும் இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். ஆனால் அன்று சிரித்ததுபோல அந்த மேசையில் நாங்கள் வேறு எந்த நாளிலும் சிரித்ததில்லை.

ஓநாய்களும் ஒருநாள் கிடைத்தன. கிடைத்த பிறகுதான் மான்களின் அருமை புரிந்தது. ஓநாய்கள் நிற்கும் இடத்தைக் காட்ட மேசையில் காய் வைக்க வேண்டும்; எட்டு காய்களுக்கு நான் எங்கே போவேன்? தையல் டப்பாவிலிருந்து எட்டு சட்டைப் பொத்தான்களை எடுத்து வைத்தேன். கூட்டமாக வேட்டையாடும் குணம் உள்ளதால் ஒவ்வொரு ஓநாய்க்கும் இரண்டு பகடை உருட்டி, பெரியதை எடுக்க வேண்டும். ஆக ஒரு சுற்றுக்குப் பதினாறு உருட்டல். கடி பட்டால் காயத்துக்குத் தனிப் பகடை, எதிரி கீழே விழுந்தானா என்று பார்க்க இன்னொரு பகடை. நான்காவது பொத்தானில் இருந்தபோது எதிரில் உட்கார்ந்திருந்த தோழி தன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். ஏழாவதிலும் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வீரன் வாளை ஓங்கியபடி அத்தனை நேரமும் நின்றான்.

நான்காம் நிலையில் கான்ஜூர் உட்லேண்ட் பீயிங்ஸ் என்று ஒன்று உண்டு. அதில் எட்டு பிக்ஸிகள் (குட்டித் தேவதைகள்) வந்துவிட்டால், ஒவ்வொன்றும் ஒரு முறை பாலிமார்ஃப் (ஆளை விலங்காக மாற்றும் மந்திரம்) போடும். உங்கள் குழுவே ராட்சத மிருகங்களாகிவிடும். அதை அனுமதித்த டி.எம். மறுபடி அனுமதித்து நான் பார்த்ததில்லை.

2020-இல் வந்த டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங் என்ற விதிப்புத்தகம் இந்தத் தலைவலிக்கு நேரான மருந்து. அதில் சம்மன் பீஸ்ட் என்ற மந்திரம் இரண்டாம் நிலையிலேயே கிடைக்கிறது. வருவது ஒரே ஒரு ஆவி. வானம், நிலம், நீர் என்று மூன்று வகை, வகையை நீங்களே தேர்ந்துகொள்ளலாம். நிலத்து மிருகத்துக்கு 30 உயிர்ப்புள்ளி, அதாவது அவ்வளவு காயம் தாங்கும். மந்திரத்தின் நிலை ஒவ்வொன்று ஏறும்போதும் ஐந்து கூடும். உங்கள் முறை முடிந்தவுடன் அதன் முறை. அரை நிமிடத்தில் வேலை முடிந்தது. 200 பொன் பெறும் ஒரு பொருள் கையில் வேண்டும் என்பது தொடக்கத்தில் உறுத்தும். ஆனால் அது கரைந்து போவதில்லை, ஒருமுறை வாங்கினால் போதும். பொத்தான்களுக்கு விடுதலை. குறை ஒன்றே. கரடி என்று சொன்னாலும் புலி என்று சொன்னாலும் ஏட்டில் அதே எண்கள்தான். சட்டை மாற்றிய ஒரே ஆள்.

2024 புத்தகம் இன்னும் ஒரு படி போய்விட்டது. பெயர் அதே கான்ஜூர் அனிமல்ஸ். ஆனால் வருவது தொட முடியாத நிழல்மிருகக் கூட்டம். உங்களோடு முப்பது அடி நகரும்; அதன் பத்தடிக்குள் சிக்கியவர் தப்பாவிட்டால் 3 பத்து முகப் பகடை அளவுக்குக் காயம். சண்டைக்கு அருமை, கணக்கு சுலபம், என் குழுவில் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கூட்டத்தின் முதுகில் ஏறி ஆற்றைக் கடக்க முடியாது, கதவை முட்டச் சொல்ல முடியாது, எனக்கு விழ வேண்டிய அடியை அது வாங்கிக்கொள்ளாது. விலங்கு வேடம் போட்ட கத்திச் சுழல் என்றுதான் சொல்வேன்.

புதிதாக ஆடுபவர் என்றால் யோசிக்காமல் சம்மன் பீஸ்ட் எடுங்கள். ஐந்தாறு பேர் உட்காரும் மேசைக்கும் அதுவே சரி. பழைய மந்திரத்தை விட முடியாத என்னைப் போன்றவர்களுக்கு, எங்கள் மேசையில் பேசி முடித்த ஏற்பாட்டைச் சொல்கிறேன்: இரண்டுக்கு மேல் விலங்கு கேட்கக் கூடாது, எது வரும் என்பதை இடத்தைப் பார்த்து டி.எம். சொல்வார்.

போன ஆட்டத்தில் சதுப்பு நிலம். துருவக்கரடி வரும் என்ற நப்பாசையோடு ஒன்றே ஒன்று கேட்டேன். சேற்றிலிருந்து ராட்சத மலைப்பாம்பு எழுந்தது, 60 உயிர்ப்புள்ளியோடு. எதிரில் நின்ற ட்ரோலை (ராட்சத அரக்கன்) முதல் சுற்றிலேயே வளைத்துப் பிடித்தது. மூன்று சுற்று அது திமிறியும் விடவில்லை. கண்ணாடித் தோழி எழுந்து நின்று பகடை உருட்டினாள். அப்போதுதான் புதருக்குள்ளிருந்து ஒரு அம்பு என் தோளில் பாய்ந்தது. அடி பட்டால் மனக்குவிப்பு கலையலாம், கலைந்தால் வரவழைத்த விலங்கும் மறைந்துவிடும். கலையாமலிருக்கப் பகடையில் எனக்குப் பத்து வேண்டும். ஒன்பது விழுந்தது. பாம்பு இருந்த இடத்தில் சேறு மட்டும். ட்ரோல் என்னைத் திரும்பிப் பார்த்தது.